மூலையில் விழும் விரிசலுக்குக் காரணம் கீல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லேப்டாப்பின் மூடி வந்து சேரும் மூலையில் விரிசல் தெரிந்ததும், ‘எங்கேயோ இடிபட்டிருக்கும்’ என்று நினைத்துக்கொள்கிறோம். உடனே சூப்பர் குளூ வாங்கி வந்து அதில் விடுகிறோம். சில நாளில் அதே இடம் முன்பைவிட அகலமாகப் பிளக்கிறது. அதற்குப் பிறகு, ‘இதற்கு மேல் இது தேறாது’ என்று நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தையே ஒதுக்கிவிடுகிறோம். மதர்போர்டு, திரை, விசைப்பலகை எல்லாம் சரியாக இருக்க, உள்ளே கீலைத் தாங்கும் இரண்டு பிளாஸ்டிக் தூண்கள் உடைந்ததற்காக ஒரு கணினி குப்பைக்குப் போவது தவிர்க்கக்கூடிய இழப்பு. அதைத் தவிர்க்கும் வழியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் விரிசல் ஏன் விழுகிறது என்று பார்ப்போம். லேப்டாப்பின் கீல் கதவுக் கீலைப் போல் தளர்வாகச் சுழல்வதில்லை. எந்தக் கோணத்தில் விட்டாலும் திரை அங்கேயே நிற்க வேண்டும். அதற்காக ஓர் உலோக அச்சில் வாஷர்களை அடுக்கி, நட்டால் இறுக்கி, வேண்டுமென்றே உராய்வை உண்டாக்கியிருப்பார்கள். இடையில் கிரீஸ் இருக்கும். ஆண்டுகள் போகப் போக கிரீஸ் காய்ந்து, தூசி சேர்ந்து, கீல் இறுகிவிடுகிறது. மூடியைத் தூக்க நாம் கொடுக்கும் விசை அப்போது கீலைச் சுழற்றுவதில்லை. கீல் தட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைப் பிடுங்கப் பார்க்கிறது. சுமார் 22 செ.மீ. உயர மூடியின் விளிம்பில் கை கொடுக்கும் விசை, 2 அல்லது 3 செ.மீ. நீளமே உள்ள கீல் தட்டின் திருகுகளில் ஏழு முதல் பதினொரு மடங்காகப் போய் இறங்கும்.

அந்தத் திருகுகள் எதில் இறங்கியிருக்கின்றன என்பதுதான் கேள்வி. நிறைய மாடல்களில் அவை உலோகச் சட்டத்தில் இறங்குவதில்லை. பிளாஸ்டிக் உடலோடு சேர்த்து வார்த்த குட்டித் தூண்களில்தான் இறங்குகின்றன. ஒவ்வொரு தூணுக்குள்ளும் எம்2 அல்லது எம்2.5 (2 அல்லது 2.5 மி.மீ. விட்டமுள்ள திருகுக்கான) மரை கொண்ட பித்தளை நட்டைச் சூடாக்கி அமுக்கி வைத்திருப்பார்கள். நட்டைச் சுற்றி நிற்கும் பிளாஸ்டிக் சுவர் மிக மெல்லியது. முதலில் அந்தச் சுவரில் மயிரிழை விரிசல் விழும். பிறகு நட்டு திருகோடு சேர்ந்து பெயர்ந்து வரும். அடுத்த முறை திறக்கும்போது, எதிலும் பிடிப்பில்லாத கீல் தட்டு மேலெழும்பி மூடியையோ அடிப்பாகத்தையோ உள்ளிருந்து நெம்பிப் பிளக்கும். வெளியே நம் கண்ணுக்குப் படும் விரிசல் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம். அதனால்தான் வெளியிலிருந்து விடும் பசை நிற்பதில்லை. இறுகிய கீல் இறுகியபடியே இருக்கும்வரை எந்தப் பசையும் நிற்காது.

மூடியைத் திறக்கும்போது கடக்கென்று சத்தம் கேட்டாலோ, கீல் அருகே இடைவெளி விரிந்து மூடினாலோ, உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மூடியை மேற்கொண்டு அசைக்காதீர்கள். திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். பலர் இந்த இடத்தில் பலத்தைக் கூட்டி மூடிவிடுகிறார்கள். அந்த ஒரு அழுத்தத்தில் மீதித் தூண்களும் போகும். கீல் வழியாகச் செல்லும் திரைக் கேபிள் நசுங்கலாம், திரைக் கண்ணாடியே விரிசல் விடலாம். வேலை நடக்க வேண்டுமென்றால் வெளித் திரை ஒன்றை இணைத்துக்கொண்டு, கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்ல வேண்டும். விரிசலோ பிளவோ கீல் மூலையில் இல்லாமல் நடுப்பகுதியில் இருந்தால், டச்பேட் மேலெழும்பி அழுத்த முடியாமல் போனால், மேசைமேல் வைத்ததும் அடிப்பாகம் ஆடினால், அது பெரும்பாலும் உடலின் கோளாறு அல்ல, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதைக் கையால் அமுக்கி மூடுவதோ, பசை போட்டு ஒட்டுவதோ, டேப் சுற்றுவதோ தீ விபத்துக்கு வழி. சார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டு, கூர்மையான எதுவும் படாமல் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேட்டரியை மாற்றினாலே பிளவு தானாக மூடிக்கொள்வது உண்டு.

இனி வேலைக்கு வருவோம். லேப்டாப் தூக்க நிலையில் இருந்தால் போதாது. முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கியிருக்க வேண்டும். அடிப்பலகையின் திருகுகளில் சில ரப்பர் கால்களுக்கும் ஸ்டிக்கருக்கும் அடியில் ஒளிந்திருக்கும். ‘எல்லாத் திருகையும் கழற்றிவிட்டேன், ஆனாலும் வரவில்லை’ என்று நெம்பி உடைப்பவர்கள் தவறவிடுவது இவற்றைத்தான். விளிம்பைப் பிரிக்கக் கத்தியோ திருப்புளியோ வேண்டாம். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருகி நகர்த்தினால் க்ளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபடும். உள்ளே முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு தாளில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். 3 மி.மீ. திருகு போக வேண்டிய குழியில் 6 மி.மீ. திருகை ஏற்றினால், கை வைக்கும் பலகையில் புடைப்பாக வெளியே தெரியும், அல்லது அடியில் இருக்கும் எதையாவது துளைக்கும். உடைந்த துணுக்குகளில் ஒன்றைக்கூட எறியாதீர்கள். பித்தளை நட்டுகள் பெரும்பாலும் கீல் திருகிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். குறடால் நட்டைப் பிடித்துக்கொண்டு திருகைக் கழற்றி எடுத்து வையுங்கள்.

பசையைத் தொடுவதற்கு முன் கீலைத் தளர்த்த வேண்டும். கீல் அச்சின் முனையில் சிறிய நட்டு தெரிந்தால், அதை இடஞ்சுழியாகக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, கையால் மடக்கிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் அரைக்கால் சுற்று. இரு பக்கமும் ஒரே அளவு தளர்த்தினால்தான் மூடி முறுக்கிக்கொள்ளாது. திரை எந்தக் கோணத்திலும் நின்று, மேசையைத் தட்டினாலும் சரியாமல் இருந்தால் அளவு சரி. தானாக விழுந்தால் அதிகம் தளர்த்திவிட்டோம் என்று பொருள். சில கீல்களில் நட்டே இருக்காது, அச்சின் முனையைத் தட்டி நசுக்கி மூடியிருப்பார்கள். அப்படிப்பட்டது இறுகிவிட்டால் கீலையே ஜோடியாக மாற்றுவதுதான் நல்லது. காய்ந்த கீலில் எண்ணெயைத் தெளித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வழிந்தோடும் எண்ணெய் பிளாஸ்டிக்கை நனைத்துப் புதிய விரிசலுக்கு இடம் கொடுக்கும். பசை பிடிக்க வேண்டிய இடத்தையும் கெடுக்கும்.

அடுத்தது, உடல் எந்தப் பிளாஸ்டிக் என்று அறிவது. பலகையின் உள்பக்கத்தில், இரு கோண அடைப்புகளுக்கு நடுவே எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். ஐஎஸ்ஓ 11469 என்ற தர விதிப்படி இடும் குறி அது. ஏபிஎஸ், பிசி, பிசி+ஏபிஎஸ் ஆகியவைதான் அதிகம். ஏபிஎஸ் ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக். பிசி என்பது பாலிகார்பனேட். பின்னால் ஜிஎஃப் என்றும் ஓர் எண்ணும் இருந்தால் கண்ணாடி இழை கலந்தது. அதைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். தட்டினால் உலோகச் சத்தம் கேட்டால் அது அலுமினியமாகவோ மெக்னீசியக் கலவையாகவோ இருக்கலாம். மெக்னீசியத் தூள் எளிதில் தீப்பற்றும் என்பதால் அதைத் தேய்ப்பதும் சுடுவதும் கூடாது.

தூணைத் திரும்பக் கட்ட ஏற்றது இரண்டு டியூப்களாக வரும் எபாக்சி. அதிலும் உலோகத் தூள் கலந்த, மெதுவாக இறுகும் வகை. ஐந்து நிமிட எபாக்சி வசதியாகத் தோன்றும். ஆனால் அது சூட்டில் சீக்கிரம் இளகும். கீல் பல மாடல்களில் ஃபேனின் வெப்பக்காற்று வெளியேறும் இடத்தை ஒட்டியே இருக்கிறது, அந்த இடத்தில் அதை நம்ப முடியாது.

ஒட்டும் பரப்பை முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஊசி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மீண்டும் துடையுங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் எபாக்சி தோல்போல உரிந்து வரும். கீறலுக்குள் இறங்கி இறுகினால்தான் பிடிக்கும். ஒட்டிய இடம் பெயர்ந்து வந்ததாகச் சொல்லப்படும் இடங்களில் பாதிக்கு மேல் இந்தத் தேய்ப்பைச் செய்யாததால் வருவது என்றே சொல்வேன். பலகையின் உள்பக்கம் உலோகப் பூச்சோ அலுமினியத் தாளோ இருந்தால், தேவையான இடத்தில் மட்டும் சுரண்டி எடுங்கள். மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுக்க வைத்தது அது. பூச்சின் மேல் ஒட்டினால் பூச்சோடு சேர்ந்து பெயரும்.

திருகின் மரையில் மெழுகோ வாசலினோ பூசி, அதைப் பித்தளை நட்டில் முழுதும் ஏற்றுங்கள். நட்டின் மரைக்குள் பசை புகாமல் காப்பது இதுதான். திருகோடு சேர்ந்த நட்டுகளைக் கீல் தட்டில் மாட்டி, மூடியைப் பொருத்தி, கீல் தன் பழைய இடத்தில் சரியாக உட்கார்கிறதா என்று பசை இல்லாமல் ஒரு முறை ஒத்திகை பாருங்கள். ஒத்திகை இல்லாமல் ஒட்டியவை அரை மில்லிமீட்டர் தள்ளி இறுகிவிடும். அப்புறம் மூடியின் ஒரு பக்கம் எப்போதும் தூக்கிக்கொண்டே இருக்கும். இடம் சரியென்றால், இரு டியூப்களிலிருந்தும் சம அளவு எடுத்து ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் கலந்து, தூணின் அடித்தளத்திலும் நட்டைச் சுற்றியும் வையுங்கள். நட்டைச் சுற்றி மட்டும் வைத்தால் போதாது. அடித்தளத்தில் நட்டைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாகப் பரவி, மலையடிவாரம்போல் சரிந்து நிற்க வேண்டும். பக்கத்துத் தூண்களையும் விளிம்புச் சுவரையும் அது தொட்டுக்கொண்டால் பாரம் பகிரப்படும். வழியாமலிருக்க டேப்பால் சிறு கரை கட்டலாம். உயரம் பழைய தூணைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விசைப்பலகை மேடிடும், அடிப்பலகை மூடாது. கீல் தட்டின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்துவிடுங்கள். கீலையே பசையால் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிடுவது பெரிய தவறு. நாளைக்குத் திரையையோ மூடியையோ கழற்ற வழியே இருக்காது.

பிறகு 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மேலே இறுகிவிட்டது என்று நான்கு மணி நேரத்தில் மூடியை ஆட்டிப் பார்க்கும் ஆசையில்தான் நல்ல வேலையும் கெடுகிறது. இறுகிய பின் எல்லாத் திருகுகளையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றிவிட்டு, கடைசியில் மாற்றி மாற்றி இறுக்குங்கள். பித்தளை நட்டு இல்லாமல் நேரே பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகாக இருந்தால், முதலில் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ‘டிக்’ என்று பழைய மரையில் விழுவதை விரல் உணரும். அங்கிருந்து வலஞ்சுழியாக ஏற்றினால் புதிய மரை வெட்டாது, தூண் பிளக்காது.

தூண் இருந்த அடித்தளமே நொறுங்கிவிட்டால் எபாக்சி தனியாகத் தாங்காது. உள்பக்கம் 0.5 முதல் 1 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகட்டை வெட்டி ஒட்டி, அதன் மேல் கட்டலாம். இல்லையென்றால் உடலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை துளையிட்டு, தட்டைத் தலை கொண்ட எம்2 அல்லது எம்2.5 போல்ட்டைச் செலுத்தி, கீல் தட்டின் மேல் நட்டுப் போட்டு இறுக்கலாம். வெளியே திருகுத் தலை தெரியும், அழகாக இருக்காது. ஆனால் எல்லா முறைகளிலும் உறுதியானது இதுதான். உழைக்கும் கருவிக்கு அந்த அழகுக்குறை ஒரு பொருட்டே அல்ல என்பது என் கருத்து. மூடியில் தகடு வைப்பதாக இருந்தால் வைஃபை ஆன்டெனா எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் திரையின் மேல் விளிம்பில் இருக்கும், அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியே இறங்கும். ஆன்டெனா மேல் உலோகம் வந்தால் சிக்னல் படுத்துவிடும்.

சூப்பர் குளூ பற்றி ஒரு வார்த்தை. அது இறுகினால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை உடையது. இழுவையைத் தாங்கும், ஆனால் கீலிலிருந்து வரும் உரித்தெடுக்கும் விசையைத் தாங்காது. சமையல் சோடாவைத் தூவினால் கல்லாகிவிடும் என்பது உண்மைதான். அந்தக் கல்லும் நொறுங்கும் கல்தான். தேவைக்கு மேல் விட்டால் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளை பூக்கும்; உலராத திரவம் பாலிகார்பனேட்டில் புது விரிசலையே உண்டாக்கும். பாரம் இல்லாத இடங்களுக்கு, காற்றுத் துவாரத்தின் முறிந்த கம்பி, விளிம்பில் பெயர்ந்த சில்லு போன்றவற்றுக்கு, பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு தொட்டு வைப்பதற்கு அது போதும். அதேபோல், திருகு தளராமலிருக்க உலோக இயந்திரங்களில் விடும் நீல நிறப் பூட்டுப் பசையைப் பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகில் விடவே கூடாது. ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டையும் அது விரிசல் விட வைக்கும்.

கை வைக்கும் பலகை, மூலை, போர்ட் ஓரம் ஆகிய இடங்களில் விழும் விரிசலுக்கு முறை வேறு. 2006இல் வந்த வெள்ளை மேக்புக்கில் பாலிகார்பனேட் கைப்பலகையின் முன் விளிம்பு, மூடியின் சிறு மேடுகள் திரும்பத் திரும்ப அழுத்தும் இடத்திலேயே உதிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். விழாமலே, ஒரே இடத்தில் தொடர்ந்து படும் சிறு அழுத்தத்தால் பிளாஸ்டிக் களைத்துப்போவதற்கு அது நல்ல உதாரணம். இப்படிப்பட்ட விரிசலின் முனையில் 1 மி.மீ. துளை ஒன்று போட்டால், முனையில் குவியும் அழுத்தம் பரவி, விரிசல் மேலே ஓடாமல் நிற்கும். உள்பக்கமிருந்து விரிசல் நெடுகப் பாதி ஆழத்துக்கு ஒரு பள்ளம் சீவி, எபாக்சியால் நிரப்பி, அதன் மேல் விரிசலைவிட இருபக்கமும் 1 செ.மீ. அகலமான கண்ணாடி இழைத் துணியை வைத்து ஒட்டலாம். அந்த ஒட்டின் கனத்துக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏபிஎஸ் என்று குறியிருந்தால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. அதே பிளாஸ்டிக்கின் துணுக்குகளை அசிட்டோனில் ஒரு இரவு ஊறவைத்தால் கரைந்து தேன்போல் ஆகும். அதைப் பள்ளத்தில் தடவினால் இரு பக்கமும் உருகி ஒரே உடலாகச் சேரும். ஓரிரு நாள் உலர விட வேண்டும். லெகோ கட்டைகளும் ஏபிஎஸ்தான் என்பதால், நிறத்துக்கு ஏற்ற உடைந்த கட்டை கிடைத்தால் பயன்படும். சுத்தமான பாலிகார்பனேட்டில் இது கூடாது. அசிட்டோன் பட்டதும் வெளுத்து விரிசல் விடும். சால்டரிங் அயர்னால் உருக்கி ஒட்டுவோர் வெப்பத்தை ஏபிஎஸ்ஸுக்கு 250 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, மெல்லிய துருப்பிடிக்காத எஃகு வலையை உள்ளே பதித்தால் பலன் கிடைக்கும். சூடு கூடினால் பிளாஸ்டிக் கருகிப் பலமிழக்கும். அந்தப் புகை நல்லதல்ல, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் க்ளிப் உடைந்தால் பசையே வேண்டாம். 2 மி.மீ. அகல மெல்லிய டபுள் சைட் டேப் போதும். திரும்பத் திறக்க முடியும்.

தேய்மானம் பற்றிச் சுருக்கமாக. ரப்பர் போன்ற மென்பூச்சு பிசுபிசுப்பது அழுக்கினால் அல்ல. காற்றின் ஈரத்தில் அந்தப் பூச்சே சிதைந்துவிட்டது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு, பகுதி பகுதியாகத் துடைத்து முழுவதையும் எடுத்துவிடுங்கள். ஊற வைக்க வேண்டாம். அடியில் சாதாரண பிளாஸ்டிக் வரும், அதோடு தொல்லை தீரும். கை பட்டுப் பட்டுப் பளபளத்த இடம் சொரசொரப்பை இழந்த இடம். எந்தத் திரவமும் அதைத் திருப்பித் தராது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. அடியிலுள்ள ரப்பர் கால்களில் ஒன்று விழுந்தாலும் உடனே அதே உயரத்தில் ஒட்டிவிடுங்கள். மூன்று காலில் நிற்கும் லேப்டாப்பில் ஒவ்வொரு முறை கை ஊன்றும்போதும் உடல் முறுக்குகிறது, காற்று உள்ளே வரும் இடைவெளியும் குறைகிறது. மூடியை மூலையைப் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்துத் திறந்தால் இரு கீல்களும் பாரத்தைச் சமமாக வாங்கும். திறந்த லேப்டாப்பைத் திரையைப் பிடித்துத் தூக்குவது, பையில் சார்ஜரை மூடியின் மேல் அழுந்த வைப்பது ஆகிய இரண்டும் கீலுக்கும் உடலுக்கும் சேர்ந்தே தீங்கு.

ஒட்ட முடியாத அளவுக்குப் போய்விட்டால் பலகையை மாற்றலாம். பழுதுபார்ப்போர் மூடியின் முதுகை ஏ, திரைச் சட்டத்தை பி, கைப்பலகையை சி, அடிப்பலகையை டி என்று குறிப்பிடுவார்கள். மாடலின் பெயரோடு அடியில் அச்சிட்ட முழு எண்ணையும் சொல்லிக் கேட்டால்தான் சரியான பலகை வரும். ஒரே பெயரில் போர்ட் இடம் மாறிய உடல்கள் உண்டு. ஏ, பி, டி மாற்றுவது எளிது. பல மாடல்களில் விசைப்பலகையை சி பலகையோடு டஜன் கணக்கான பிளாஸ்டிக் முளைகளை உருக்கிப் பதித்திருப்பார்கள். அங்கே இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டிவரும். பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய பலகை என்றால், கீல் தூண்களை விளக்கொளியில் பார்த்து வாங்குங்கள். அதுவும் அதே இடத்தில் களைத்திருக்கும்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய லேப்டாப்களைப் பற்றிய மதிப்புரைகளில் பிராசஸர், நினைவகம், திரையின் துல்லியம் எல்லாம் எண்களோடு வருகின்றன. கீலின் திருகுகள் உலோகச் சட்டத்தில் இறங்குகின்றனவா, பிளாஸ்டிக் தூணில் இறங்குகின்றனவா என்று யாரும் எழுதுவதில்லை. அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தால் பல மாடல்களில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் அது. தங்கள் நாளிதழில் வரும் மதிப்புரைகளில் அந்த ஒரு வரியையும், பலகைகளும் கீல்களும் தனியாக விற்கப்படுகின்றனவா என்ற இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர்